ஆயிரம் கோடியில் நான்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்

வெயில் மிகுந்த ஊரில் சூரிய மின்சாரமும் மிகுதியாகக் கிடைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை, மறுபாதி பிழை. வெயில் நமக்கு ஒளியையும் வெப்பத்தையும் ஒருசேரத் தருகிறது. ஒளி மின்சாரத்தை ஆக்குகிறது. வெப்பம் அதில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. கமுதியில் விரிந்து கிடக்கும் தகடுகளுக்குள் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல்நிலையில் இருக்கும், எதில் இரா என்பதைக் கணக்கிடத் தெரிந்தால் இந்த முரண் விளங்கும்.

வானம் பார்த்த பூமி

இராமநாதபுரம் மாவட்டத்தில் குண்டாற்றங்கரையில் அமைந்துள்ளது கமுதி. ஆறு இருந்தும் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இல்லை. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாய், சிறுதானியம். அதற்கும் வழியில்லாத நிலத்தில் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது பல குடும்பங்களின் பிழைப்பு. இங்கு மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. வெயில் பொய்த்த ஆண்டு இல்லை.

அந்த வெயிலை நம்பி, ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின்நிலையத்தை அதானி குழுமம் இங்கு அமைத்தது. சுமார் 4,550 கோடி ரூபாய்ச் செலவில், எட்டு மாதங்களில் கட்டி முடிக்கப்பட்ட இந்நிலையம் 2016 செப்டம்பர் 21 அன்று முழுமை பெற்றது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் உலகிலேயே மிகப் பெரியது என அன்று அது பேசப்பட்டது. கலிபோர்னியாவின் டோபாஸ் நிலையத்தின் திறன் 550 மெகாவாட்.

கமுதி நிலையத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் தகடுகள் உள்ளன. 648 மெகாவாட்டை 25 இலட்சத்தால் வகுத்தால் ஒரு தகட்டின் பங்கு ஏறத்தாழ 260 வாட் என வரும். நம் வீட்டு மின்விசிறிகள் மூன்றோ நான்கோ சுழலப் போதுமான ஆற்றல் அது. தகட்டில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை, எரிபொருளும் இல்லை. அதனுள் அசைவன எலக்ட்ரான்கள் மட்டுமே. அவற்றின் இருப்பிடக் கணக்கே இப்பாடத்தின் பொருள்.

இருப்பிடங்களும் இடைவெளியும்

தகட்டில் உள்ள மின்கலங்கள் சிலிக்கனால் ஆனவை. சிலிக்கன் அணு ஒவ்வொன்றுக்கும் வெளிவட்டத்தில் நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டை அணுக்கள் நான்குடன் இந்த எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்திருக்கிறது. எண்ணற்ற அணுக்கள் இவ்வாறு சேரும்போது எலக்ட்ரான்கள் இருக்கத்தக்க ஆற்றல்நிலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு இரண்டு பட்டைகளாக அமைகின்றன. கீழே இருப்பது இணைதிறன் பட்டை. அங்குள்ள எலக்ட்ரான்கள் பிணைப்பில் கட்டுண்டவை. மேலே இருப்பது கடத்துப் பட்டை. அங்குச் சென்ற எலக்ட்ரான் படிகம் முழுவதும் உலவி மின்னோட்டத்தைத் தரவல்லது.

இவ்விரண்டுக்கும் நடுவே எந்த ஆற்றல்நிலையும் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. சிலிக்கனில் அதன் அளவு 1.12 எலக்ட்ரான் வோல்ட். இந்த இடைவெளியில் எலக்ட்ரான் தங்க இயலாது. கீழே இருக்கலாம், அல்லது மேலே இருக்கலாம்.

இந்நிலைகளில் குடியேறுவதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்கலாம். இரண்டாவது எலக்ட்ரானுக்கு அங்கு இடமில்லை. பௌலியின் தவிர்ப்புத் தத்துவம் என இதனை வழங்குவர். ஆகவே ஒரு நிலையைப் பற்றிக் கேட்கத்தக்க வினா ஒன்றே: அது நிரம்பி இருக்கிறதா, காலியாக இருக்கிறதா? எலக்ட்ரான்கள் ஓயாது அசைவதால் இதற்கு உறுதியான விடை கூற இயலாது. நிரம்பியிருப்பதற்கான நிகழ்தகவையே கூற இயலும். அதன் மதிப்பு 0 முதல் 1 வரை அமையும்.

கண்மாயும் ஃபெர்மி மட்டமும்

காற்றே இல்லாத ஒரு விடியலில் கண்மாயைப் பாருங்கள். நீர்மட்டத்திற்குக் கீழே எல்லா இடமும் நீர். மேலே எங்கும் நீர் இல்லை. எல்லைக்கோடு தெளிவாக இருக்கும். தனிச்சுழி வெப்பநிலையில், அதாவது 0 கெல்வினில், எலக்ட்ரான்களின் அமைப்பும் இத்தகையது. குறிப்பிட்ட ஒரு மட்டத்திற்குக் கீழுள்ள நிலைகள் யாவும் நிரம்பியிருக்கும், நிகழ்தகவு 1. அதற்கு மேலுள்ளவை யாவும் காலி, நிகழ்தகவு 0. அந்த எல்லையே ஃபெர்மி மட்டம் எனப்படுகிறது.

காற்று வீசத் தொடங்கினால் அலை எழும். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதி சிறிது நேரம் நீராகவும் சிறிது நேரம் வெற்றிடமாகவும் மாறிமாறித் தோன்றும். மட்டத்திற்குச் சற்று மேலே திவலைகள் தெறிக்கும். இன்னும் உயரத்தில் அவை அரிதாகும். எலக்ட்ரான்களுக்கு வெப்பமே அக்காற்று. வெப்பம் ஏற ஏற, ஃபெர்மி மட்டத்திற்கு மேலுள்ள நிலைகளில் சில நிரம்பும். கீழுள்ளவற்றில் அதே அளவு காலியாகும். ஃபெர்மி மட்டத்தில் சரியாக ஒரு நிலை அமைந்தால், அது நிரம்பியிருக்க நிகழ்தகவு எந்த வெப்பநிலையிலும் பாதி.

ஆனால் தூய சிலிக்கனில் ஃபெர்மி மட்டம் இடைவெளியின் ஏறத்தாழ நடுவில் அமைகிறது. மேலே எத்தனை எலக்ட்ரான்கள் சென்றனவோ, கீழே அத்தனை காலியிடங்கள் தோன்றியாக வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அக்காலியிடங்களைத் துளைகள் என்பர். ஆகவே இங்கு மட்டம் உண்டு. அம்மட்டத்தில் குடியிருக்க நிலை இல்லை. கண்மாய் உவமை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. இனிக் கணக்கே வழிகாட்டும்.

சென்னைக்கு வந்த புதிய கணக்கு

எலக்ட்ரான்களுக்குரிய இந்நிகழ்தகவு விதியை 1926 ஆம் ஆண்டில் இத்தாலியின் என்ரிக்கோ ஃபெர்மியும் இங்கிலாந்தின் பால் டிராக்கும் தனித்தனியே கண்டறிந்தனர். அதனால் அது ஃபெர்மி–டிராக் பகிர்வு எனப் பெயர்பெற்றது. ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு அதனை உலோகங்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

சோமர்ஃபெல்டு 1928 இல் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் அப்போது பயின்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைச் சந்தித்து உரையாடினார். தாம் நூல்களில் கற்ற அணுக்கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டதை அச்சந்திப்பில் அறிந்த அம்மாணவர், புதிய விதியைத் தாமே முயன்று கற்றார். மறு ஆண்டே அதனை அடிப்படையாகக் கொண்ட அவருடைய கட்டுரை இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, இதே விதியைக்கொண்டு வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். அப்போது அவருக்கு வயது 19. விண்மீன்களின் அமைப்பு குறித்த அவருடைய ஆய்வுகளுக்காக 1983 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விண்மீனின் உள்ளே செல்லுபடியாகும் அதே விதிதான் கமுதித் தகட்டின் உள்ளேயும் செல்லுபடியாகிறது.

கணக்கிடும் முறை

ஒரு நிலை நிரம்பியிருக்கும் நிகழ்தகவைக் காண ஐந்து படிகள் உள்ளன.

1. அந்நிலையின் ஆற்றலிலிருந்து ஃபெர்மி மட்டத்தின் ஆற்றலைக் கழிக்க.
2. வெப்ப ஆற்றலைக் காண்க. போல்ட்ஸ்மான் மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கினால் அது கிடைக்கும். மாறிலியின் மதிப்பு 0.0000862 எலக்ட்ரான் வோல்ட் / கெல்வின்.
3. முதற்படியின் விடையை இரண்டாம் படியின் விடையால் வகுக்க.
4. 2.718 என்னும் எண்ணுக்கு அந்த ஈவை அடுக்காக இட்டு மதிப்புக் காண்க; அதனுடன் 1 கூட்டுக.
5. வந்த தொகையால் 1 ஐ வகுக்க. அதுவே நிகழ்தகவு.

எடுத்துக்காட்டு: தூய சிலிக்கன், வெப்பநிலை 27 பாகை செல்சியஸ், அதாவது 300 கெல்வின். கடத்துப் பட்டையின் அடியில் உள்ள ஒரு நிலை நிரம்பியிருக்க நிகழ்தகவு என்ன?

ஃபெர்மி மட்டம் நடுவில் இருப்பதால் முதற்படியின் விடை, 1.12 இன் பாதியாகிய 0.56. வெப்ப ஆற்றல் 0.0000862 × 300 = 0.0259. ஈவு 0.56 ÷ 0.0259 = 21.6. 2.718 இன் அடுக்கு 21.6 என்பது ஏறத்தாழ 240 கோடி. அதனோடு 1 கூட்டுவதால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே நிகழ்தகவு 240 கோடியில் 1. ஆயிரம் கோடி நிலைகளுக்கு ஏறத்தாழ 4.

இது எத்துணைச் சிறிது! உலக மக்கள் எண்ணூறு கோடிப் பேரையும் ஓரிடத்தில் நிறுத்தினால் அவர்களுள் மூவர் மட்டுமே மேலே ஏறினர் என்பதற்கு ஒப்பாகும். எனினும் இச்சிறுமையைக் கண்டு இதனைச் சுழி என ஒதுக்குதல் கூடாது. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கனின் கடத்துப் பட்டை அடியில் கணக்கிற்குக் கொள்ளத்தக்க நிலைகள் 2.8 × 10¹⁹. அதனை இந்நிகழ்தகவால் பெருக்கினால் ஏறத்தாழ ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் உலவுவதாக விடை வருகிறது. நிகழ்தகவு சிறிது, எண்ணிக்கை பெரிது.

300 கெல்வினில் ஃபெர்மி மட்டத்திலிருந்து உயர உயர நிகழ்தகவு குறையும் விதம்:

மட்டத்திலேயே – 2 இல் 1
0.1 எலக்ட்ரான் வோல்ட் மேலே – 100 இல் 2
0.2 எலக்ட்ரான் வோல்ட் மேலே – 10,000 இல் 4
0.56 எலக்ட்ரான் வோல்ட் மேலே – 1,000 கோடியில் 4

உயரம் சீராகக் கூடும்போது நிகழ்தகவு சீராகக் குறையவில்லை. மடங்கு மடங்காகச் சரிகிறது. இதுவே இவ்விதியின் இயல்பு.

தெரிந்து தெளிவோம்

வைரம் கரிமத்தால் ஆனது. கரிமமும் சிலிக்கனும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. வைரத்தின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 5.5 எலக்ட்ரான் வோல்ட். தூய வைரத்தில் கடத்துப் பட்டையின் அடியில் ஒரு நிலை நிரம்பியிருக்க நிகழ்தகவு, 1 க்குப் பின் 46 சுழிகள் இட்ட எண்ணில் ஒன்று. சிலிக்கனைவிட ஐந்து மடங்கு அகன்ற இடைவெளி, வைரத்தை மின்கடத்தாப் பொருளாக்கிவிடுகிறது.

சிறு கலப்பு, பெரு மாற்றம்

மின்கலத்தில் தூய சிலிக்கனை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதில் மிகச் சிறிய அளவில் வேறு தனிமத்தைக் கலக்கின்றனர். இது மாசூட்டல் எனப்படும். பாஸ்பரசுக்கு வெளிவட்ட எலக்ட்ரான்கள் ஐந்து. நான்கு பிணைப்பில் சேர, ஐந்தாவது எளிதில் மேலே செல்கிறது. ஐம்பது இலட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரசு அணு என்ற விகிதத்தில் கலந்தாலே, ஃபெர்மி மட்டம் நடுவிலிருந்து உயர்ந்து, கடத்துப் பட்டைக்கு 0.2 எலக்ட்ரான் வோல்ட் கீழே வந்துவிடும்.

இப்போது கணக்கு என்ன சொல்கிறது? ஆயிரம் கோடியில் 4 என இருந்தது 10,000 இல் 4 ஆகிறது. பத்து இலட்சம் மடங்கு உயர்வு! போரானைக் கலந்தால் இதற்கு நேர்மாறாக ஃபெர்மி மட்டம் தாழ்ந்து, துளைகள் பெருகும். ஒருபுறம் எலக்ட்ரான் மிகுந்த பகுதியும் மறுபுறம் துளை மிகுந்த பகுதியும் ஒட்டி அமைந்தால் அது பி–என் சந்தி. சந்தியில் தோன்றும் மின்புலம், அங்கு வரும் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் பிரித்துத் தள்ளுகிறது. 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் பயன்பாட்டு நிலைச் சிலிக்கன் சூரியக்கலமும் இவ்வமைப்பையே கொண்டது.

ஒளி வேறு, வெப்பம் வேறு

கட்புலனாகும் ஒளியின் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுடையது. சிலிக்கனின் இடைவெளியோ 1.12. ஆகவே ஓர் ஒளித்துகள், கீழிருக்கும் ஓர் எலக்ட்ரானை ஒரே வீச்சில் மேலே ஏற்றிவிடும். வெப்பம் ஆயிரம் கோடியில் நான்கை ஏற்றத் திணறும் இடத்தில், ஒளி நேரடியாக ஏற்றுகிறது. ஏறியதைச் சந்தி பிரித்து வெளிக்கம்பிக்கு அனுப்புகிறது. இதுவே சூரிய மின்சாரம்.

அவ்வாறாயின் வெப்பமும் சேர்ந்து எலக்ட்ரான்களை ஏற்றினால் மின்சாரம் கூடத்தானே வேண்டும்? இல்லை என்பதே விடை. மின்கலத்தின் மின்னழுத்தத்தை முடிவு செய்வது, இருளில் வெப்பத்தால் மட்டும் இருந்த அளவைப்போல் எத்தனை மடங்காக ஒளி எலக்ட்ரான்களைப் பெருக்கியது என்னும் ஒப்பீடு. அடிப்படை அளவு கூடினால் ஒப்பீடு குறையும். சந்தியின் இருபுறமும் எலக்ட்ரான்களும் துளைகளும் வெளிக்கம்பியை அடையுமுன் தமக்குள் சேர்ந்து மறைவதும் மிகும்.

அடிப்படை அளவு எவ்வளவு கூடும்? நடுப்பகல் வெயிலில் தகட்டின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையைவிட மிக உயர்ந்துவிடும். தகடு 57 பாகை செல்சியசை அடைந்ததாகக் கொள்வோம். அது 330 கெல்வின். வெப்ப ஆற்றல் 0.0284, ஈவு 19.7, நிகழ்தகவு 36 கோடியில் 1. அதாவது ஆயிரம் கோடியில் 28. கெல்வின் அளவில் வெப்பநிலை பத்தில் ஒரு பங்குதான் உயர்ந்தது. நிகழ்தகவோ ஏறத்தாழ ஏழு மடங்காகிவிட்டது. மாசூட்டிய சிலிக்கனின் இருபுறத்திலும் சிறுபான்மையாக உள்ளவை இதைவிட விரைவாகவே பெருகும்.

விளைவை அளவிட்டும் கண்டுள்ளனர். ஒரு சிலிக்கன் மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 வோல்ட். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அதில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். தகட்டின் திறன், பாகைக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு சரியும். தகட்டின் மேல் அச்சிடப்படும் திறன், மின்கலம் 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. 57 பாகையில் 32 × 0.4 = 12.8 விழுக்காடு இழப்பு. 260 வாட் தகடு தருவது ஏறத்தாழ 227 வாட் மட்டுமே. இதே தகட்டை, வெயிலும் குளிரும் ஒருங்கே உள்ள இலடாக்கில் வைத்தால் அதன் திறன் இந்த அளவு குறையாது.

இதனால் கமுதி தவறான இடம் என முடிவு செய்தல் ஆகாது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஒளியின் மிகுதி, வெப்பத்தின் இழப்பை ஈடுசெய்து மேலும் தருகிறது. ஆயினும் இழப்பைக் குறைக்க வழிகள் உண்டு. தகடுகளைத் தரையில் படியவிடாமல் உயர்த்திச் சாய்த்து அமைத்தால் அடியில் காற்று புகுந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும். படியும் புழுதியை நீக்கினால் ஒளி குறையாது. நீர் அரிதான கமுதியில் தகடுகளைத் துடைக்கத் தானியங்கிக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. தகட்டின் சாய்வு, இடைவெளி, தூய்மை ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கணக்கு இருக்கிறது.

கணக்கறிந்து பேசுதல்

சூரிய மின்சாரம் குறித்து இன்று ஊர்தோறும் பேச்சு நிகழ்கிறது. மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் குறைகின்றன என்பார் உண்டு. வறண்ட நிலத்துக்கு வாழ்வு வந்தது என்பாரும் உண்டு. வீட்டுக்கூரையில் தகடு பொருத்தச் சொல்லி வணிகர் வருகின்றனர். இவ்விவாதங்களில் நிலம் எத்தனை ஏக்கர், நீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்னும் வினாக்கள் எழும். அச்சிட்ட திறனையே கிடைக்கும் திறன் எனக் கொள்பவர் ஏமாறுவார். மின்னியலை அயலார் மட்டுமே அறிந்திருந்தால், தம் வெயிலின் மதிப்பை அவ்வூரார் பிறர் வாய்வழியே கேட்டறியும் நிலை வரும்.

இக்கணக்கிற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. கழித்தல், வகுத்தல், அடுக்கு ஆகியவற்றை அறிந்த பதினோராம் வகுப்பு மாணவர் எவரும் இதனைச் செய்யலாம். கரிமூட்டம் எந்த நேரத்தில் எவ்வளவு கனலும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த மண் இது. ஆயிரம் கோடியில் நான்கு எப்போது இருபத்தெட்டாகும் என்பதையும் இம்மண்ணின் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

குறைகடத்தி – கடத்திக்கும் கடத்தாப் பொருளுக்கும் இடைப்பட்ட மின்கடத்து திறன் உடைய பொருள்
துளை – எலக்ட்ரான் நீங்கியதால் இணைதிறன் பட்டையில் தோன்றும் காலியிடம்
ஃபெர்மி மட்டம் – நிரம்பு நிகழ்தகவு பாதியாக அமையும் ஆற்றல் மட்டம்
மாசூட்டல் – குறைகடத்தியில் வேறு தனிமத்தை மிகச் சிறிதளவு கலத்தல்
தனிச்சுழி – 0 கெல்வின் வெப்பநிலை
திவலை – சிறு நீர்த்துளி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் சூரியத் தகடு பொருத்திய ஓர் இடத்துக்குச் சென்று, தகட்டின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள விவரங்களைக் குறித்து வந்து வகுப்பறையில் விளக்குக.
2. 'வறண்ட நிலமும் சூரிய மின்சாரமும்' என்னும் பொருளில் இரு அணியாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

பலவுள் தெரிக

1. ஃபெர்மி மட்டத்தில் அமைந்த நிலை நிரம்பியிருக்கும் நிகழ்தகவு
அ) 0 ஆ) 1 இ) 0.5 ஈ) வெப்பநிலையைப் பொறுத்து மாறும்

2. சிலிக்கனுடன் பாஸ்பரசைக் கலந்தால் ஃபெர்மி மட்டம்
அ) மறையும் ஆ) உயரும் இ) தாழும் ஈ) மாறாது

குறுவினா

1. தூய சிலிக்கனில் ஃபெர்மி மட்டம் இடைவெளியின் நடுவில் அமைவது ஏன்?
2. வைரம் மின்சாரத்தைக் கடத்தாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. கண்மாய் உவமை எவ்விடம் வரை பொருந்துகிறது? எவ்விடத்தில் பொருந்தவில்லை? விளக்குக.
2. 300 கெல்வினில், ஃபெர்மி மட்டத்திற்கு 0.1 எலக்ட்ரான் வோல்ட் மேலுள்ள நிலை நிரம்பியிருக்கும் நிகழ்தகவைப் படிமுறையாகக் கணக்கிடுக.

நெடுவினா

'வெயில் மிகுந்த ஊரில் ஒளி நண்பன். வெப்பம் பகைவன்' – கமுதித் தகடுகளைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.